தொழிற்கல்விக்குப் பாடவிதானம் வகுத்தல்



பாடசாலைப் பரீட்சையில் நூற்றுக்கு 75 புள்ளி பெற்ற மாணவனை நாம் பாராட்டுகின்றோம். ஆயின், ஒரு வீட்டுக்கு மின்கம்பி இணைக்கும் இளைஞன், 100 வேலைகளில் 99 ஐச் செவ்வனே முடித்து, ‘ஏர்த்’ எனப்படும் புவித்தொடுப்புக் கம்பியை மாத்திரம் பொருத்தாது விட்டால், அவனுக்கு எத்தனை புள்ளி வழங்குவது? மின்னழுத்தி பழுதுற்ற நாளில் அதனைத் தொடுபவரின் உயிரன்றோ அந்த ஒரு புள்ளி!

தொழிற்கல்லூரியின் பாடவிதானம் ஏனைய பாடவிதானங்களினின்றும் வேறுபடும் இடம் இதுவே. அதனை வகுப்போர், ஆசிரியர் எதனைக் கற்பிக்க வல்லவர் என்பதிலிருந்து தொடங்குதல் ஆகாது. தொழிலாளி எதனைச் செய்கின்றான் என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும். முதலில், தொழிலில் தேர்ந்தவர்களை அழைத்து, அவர்தம் வேலைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவர். அடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு திறமை, எவ்வளவு அறிவு, எத்தகைய பாதுகாப்பு வேண்டுமென வரையறுப்பர். அதன் பின்னரே எளியது முன்னும் அரியது பின்னுமாகப் பாடங்களை நிரற்படுத்துவர். கணிதமும் மொழியும் அங்கு உண்டு. ஆயின், அவை பட்டறைக்குத் துணையாக நிற்கும். இறுதிச் சோதனையோ, எழுதிக் காட்டுவதோடு அமையாது செய்து காட்டுவதாகும். ‘தேர்ந்தான்’, ‘இன்னும் தேரவில்லை’ என்னும் இரண்டே முடிவுகள்.

இலங்கையில் இம்முறைக்கு வழிவகுப்பது, 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அதன் தேசிய தொழிற்றகைமை 7 மட்டங்களையுடையது. 2 முதல் 4 வரை சான்றிதழ்கள், 5 உம் 6 உம் டிப்ளோமாக்கள், 7 பட்டம். கல்லூரி வாயிலை மிதியாது, அனுபவத்தாலேயே கைதேர்ந்த ஒருவரும், தம் திறமையை மெய்ப்பித்துச் சான்றிதழ் பெறலாம்.

இவ்வேணி எதற்கு என வினவலாம். 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில், தொழில் முன்னிலைப் பாடங்கள் நம் பாடசாலைகளிற் புகுத்தப்பட்டன. நோக்கம் நன்று. ஆயினும், தக்க ஆசிரியர்களும் கருவிகளும் போதவில்லை. ‘என் பிள்ளையின் மேற்படிப்புக்கு இது தடையாகுமோ?’ என்று பெற்றோரும் அஞ்சினர். 1977 இன் பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. மேலே செல்லும் படி கண்ணுக்குத் தெரியாத கல்வியை எந்தத் தாயும் தன் மகவுக்கு விரும்பாள்.

ஒருமுறை வகுத்த பாடவிதானம் என்றும் நிலைப்பதுமன்று. கூரைதோறும் சூரிய மின் தகடுகள் ஏறும் இக்காலத்தில், பழைய பட்டியலையே பற்றிநிற்கும் கல்லூரி, வேலையற்ற சான்றிதழ்காரரையே உருவாக்கும்.

ஆதலின் பெற்றோர்களே, பிள்ளையைத் தொழிற்கல்லூரியிற் சேர்க்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இப்பயிற்சி எந்த மட்டத்தது? பட்டறையிற் செலவாகும் நேரம் எவ்வளவு? இதன் மேல் ஏறும் படி எது? இவற்றுக்குத் தெளிவான விடை தரும் கல்லூரியில் நம்பிச் சேர்க்கலாம்.