எதுவும் கேட்காம உட்கார விட்ட ஒரு சர்ச்

"விசுவாசம் இருக்கு, ஆனா எந்த சர்ச்சும் செட் ஆகல, என்ன பண்றது?" என்னோட வயசுல இருக்கிற நிறைய பேர் இதைக் கேக்கறாங்க. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

முதல்ல என் கதை. சண்டே கிளாஸ், கொயர்னு சர்ச்சுக்குள்ளயே வளர்ந்தவன் நான். மூணு வருஷம் முன்னாடி அம்மா கேன்சரில் இறந்துட்டாங்க. அடக்கம் முடிஞ்சு வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒரு பெரியவர், "இன்னும் கொஞ்சம் விசுவாசமா ஜெபிச்சிருந்தா சுகம் கிடைச்சிருக்கும் தம்பி"ன்னார். ஆறுதல்னு நினைச்சுத்தான் சொன்னார். ஆனா அதுக்கப்புறம் அந்த பெஞ்சில் என்னால உட்கார முடியல. கடவுளை விட்டுப் போகணும்னு தோணல. கோபத்தோட அவர் முன்னாடி உட்கார ஒரு இடம்தான் கிடைக்கல.

ஒரு வருஷம் கழிச்சு ஃப்ரெண்ட் ஒருத்தன் என்னைக் குளித்தலைக்குக் கூட்டிட்டுப் போனான். பக்கத்துல தண்ணீர்ப்பள்ளியில, காவிரிக் கரையில இருக்கு சச்சிதானந்த ஆசிரமம். சாந்திவனம்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்.

இது 1950-ல் ரெண்டு பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்சது. ஒருத்தர் குளித்தலையில பங்குச் சாமியாரா இருந்த ழூல் மொன்ஷனான். இன்னொருத்தர் ஆன்றி லெ சோ, பின்னாடி அபிஷிக்தானந்தான்னு அறியப்பட்ட துறவி. சத், சித், ஆனந்தம் என்ற மூணும் சேர்ந்த சொல்லை அவங்க திரித்துவத்துக்குப் பெயரா எடுத்துக்கிட்டாங்க. பல வருஷம் அங்க யாருமே நிலையா வந்து சேரல. 1957-ல் மொன்ஷனான் இறந்துட்டார். அபிஷிக்தானந்தா வடக்கே இமயமலைப் பக்கம் போயிட்டார். 1968-ல் கேரளாவிலிருந்து வந்த பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவிதான் அதுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1993-ல் இறக்கும்வரை அவருக்கு அதுதான் வீடு.

சர்ச் கட்டடத்தைப் பார்த்தா கோயில் மாதிரி இருக்கும். கோபுரம் உண்டு, கருவறை உண்டு. பெஞ்ச் கிடையாது, தரையில்தான் உட்காரணும். ஒரு நாளைக்கு மூணு வேளை ஜெபம். உபநிஷதம், தமிழ் பக்திப் பாடல் எல்லாம் வாசிப்பாங்க. கூடவே சங்கீதமும் பைபிளும். ஆரத்தி காட்டுவாங்க. காலையில சந்தனம், மதியம் குங்குமம், சாயங்காலம் விபூதி.

அந்த விபூதித் தட்டு என் பக்கம் வந்தப்போ கை தயங்கிச்சு. அம்மா பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? நான் எடுத்துக்கல. தட்டு அப்படியே அடுத்தவரிடம் போச்சு. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. வந்தப்போ பேரும் ஊரும் எழுதச் சொன்னாங்க. எந்த சபை, ஞானஸ்நானம் எடுத்தாச்சா, ஏன் சர்ச்சுக்குப் போறதில்லன்னு ஒரு கேள்வி கிடையாது. சாயங்காலம் ஆத்தங்கரையில உட்கார்ந்து, அம்மா போனதுக்கப்புறம் முதல்முறையா ஜெபம் பண்ணினேன். ஜெபம்னு சொன்னாலும், பாதி திட்டுதான்.

சாந்திவனத்துக்கு விமர்சனமும் உண்டு. காவி கட்டி ஆள் சேர்க்கிற தந்திரம்னு சில இந்து எழுத்தாளர்கள் சொல்றாங்க. இது கலப்படம்னு சில கிறிஸ்தவர்கள் சொல்றாங்க. தலித் கிறிஸ்தவ சிந்தனையாளர்கள் கேக்கறது இன்னும் கனமான கேள்வி: இந்தியப் பண்பாடுன்னு சமஸ்கிருத மரபை மட்டும் எடுத்தா, அந்த மரபு வெளியே நிறுத்தின மக்கள் எங்க உட்காருவாங்க? வரவேற்பைப் பத்திப் பேசறவங்க இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

அதனால எல்லாரும் குளித்தலைக்குப் போங்கன்னு நான் சொல்ல வரல. நானும் கத்தோலிக்கனா மாறல. அங்க கத்துக்கிட்டது ஒண்ணுதான். ஒரு சபை எவ்வளவு புதுசா இருக்கு, கிட்டார் இருக்கா கோபுரம் இருக்கான்னு பார்க்கறதை நிறுத்திட்டேன். "எனக்குத் தெரியல", "எனக்குக் கோபமா இருக்கு"ன்னு சொன்னா அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க. உடனே பதில் சொல்லி வாயை அடைக்கிறாங்களா, இல்ல பக்கத்துல உட்கார்றாங்களா?

இப்போ சென்னையில ஏழெட்டு பேர் ஒரு ஃப்ளாட்டில் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடறோம். ஒரு அதிகாரம் வாசிச்சுட்டு, பத்து நிமிஷம் அமைதி. அப்புறம் டீ. போன மாசம் அந்தப் பழைய சர்ச்சுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்தேன். அதே பெரியவர் கையைப் பிடிச்சு, "அம்மா ஞாபகமாவே இருக்குப்பா"ன்னார். அந்த பெஞ்சில் முழு ஆராதனையும் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.