பழைய கார்களில் எரிபொருள் மாசைக் கண்டறிதல்

எரிபொருள் மாசு என்பது பெட்ரோல் தொட்டி, குழாய், வடிகட்டி, பம்பு, கார்புரேட்டர் ஆகியவற்றில் நீர், துரு, பிசின், ரப்பர் துணுக்கு போன்றவை சேர்வதைக் குறிக்கும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்புரேட்டர் கார்கள் நீண்ட காலம் ஓடாமல் நிறுத்தப்பட்டிருந்தால் இச்சிக்கல் எளிதில் ஏற்படும்.

அறிகுறிகள்

நின்ற இடத்தில் சீராக இயங்கும் எஞ்சின், மேடேறும்போதோ வேகமெடுக்கும்போதோ திணறி நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து மீண்டும் கிளம்பும். தொட்டியில் மிதக்கும் துகள்கள் உறிஞ்சுகுழாயின் வாயை அடைப்பதும், எஞ்சின் நின்றதும் விலகுவதும் இதற்கு ஒரு காரணமாகும். மின்பொறி அமைப்பின் கோளாறும் இவ்வாறே தோன்றலாம். எனவே ஸ்பார்க் பிளக்கில் பொறி சரியாக வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மாதிரிச் சோதனை

தொட்டியின் அடியிலிருந்தும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலிருந்தும் தனித்தனிக் கண்ணாடிப் புட்டிகளில் பெட்ரோல் எடுத்து, சற்று நேரம் அசையாமல் வைக்க வேண்டும்.

- நீர், பெட்ரோலைவிட அடர்த்தி மிக்கதால் அடியில் தனி அடுக்காகத் தங்கும்.
- செம்பழுப்புத் தூள் துருவைக் காட்டும்.
- வார்னிஷ் வாடையும் கருமஞ்சள் நிறமும் பெட்ரோல் பழையதாகிப் பிசினாவதைக் காட்டும்.
- கறுப்புத் துணுக்குகள் பெரும்பாலும் ரப்பர் குழாய் சிதைவதால் வருபவை.

இரு மாதிரிகளும் மாசுற்றிருந்தால் மூலம் தொட்டியாகும். தொட்டி மாதிரி தெளிவாகவும் கிண்ணத்து மாதிரி அழுக்காகவும் இருந்தால், இடையிலுள்ள குழாய்களையும் பம்பையும் கார்புரேட்டரில் தங்கிய பழைய படிவையும் ஆராய வேண்டும்.

எத்தனாலின் பங்கு

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 இல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும். நீரின் அளவு எல்லை மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். எத்தனாலுக்கென உருவாக்கப்படாத பழைய ரப்பர் பாகங்களும் சிதையக்கூடும். பழைய படிவுகள் கரைந்து வடிகட்டியை அடைக்கவும் கூடும்.

பாதுகாப்பும் தீர்வும்

சோதனையைத் திறந்தவெளியில், மின்கல இணைப்பைக் கழற்றிய பின், குளிர்ந்த எஞ்சினில் செய்ய வேண்டும். அருகில் தீயோ புகைபிடித்தலோ கூடாது. வெடிப்புற்ற குழாய் தீ விபத்துக்கு வழிவகுக்கும் என்பதால் அதை உடனே மாற்ற வேண்டும். தொட்டியைக் கவனிக்காமல் கார்புரேட்டரை மட்டும் துப்புரவு செய்தால் செலவு வீணாகும். சில நாட்களில் அதே கோளாறு திரும்பும்.