நீர்வண்ணப் பென்சில்கள்

நீர்வண்ணப் பென்சில், பார்வைக்குச் சாதாரண வண்ணப் பென்சிலைப் போன்றதே. ஈரத் தூரிகை பட்டவுடன் அதன் தனித்தன்மை வெளிப்படும். வரைந்த கோடுகள் கரைந்து வண்ணமாகப் படரும்.

இதற்குக் காரணம் பென்சிலின் உள்ளீடே. சாதாரண வண்ணப் பென்சிலில் நிறமித் தூளை மெழுகோ எண்ணெயோ பிணைக்கிறது. அது நீரில் கரையாது. நீர்வண்ணப் பென்சிலில் நீரில் கரையும் பசை பிணைக்கிறது. முகலாயர் காலச் சிற்றோவியர்களும் நிறமிகளை மரப்பிசினில் குழைத்தனர்.

பயிற்சிக்குச் சிறிய வரைபுத்தகம் ஏற்றது. 105 × 148 மி.மீ. அளவுள்ள பக்கம் விரைவில் நிறையும். ஒரு பக்கம் பிழைத்தாலும் இழப்பு சிறிதே. ஆனால், தாள் தடிப்பாக இருத்தல் வேண்டும். எழுதுதாள் ஈரம் பட்டால் சுருங்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் நீரை நன்கு தாங்கும்.

முதற்பக்கத்தில் வண்ண அட்டவணை அமைத்தல் நன்று. ஒவ்வொரு பென்சிலாலும் ஒரு சிறு கட்டத்தை நிரப்பி, அதன் பாதியை மட்டும் நனைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் மங்கலாகத் தோன்றும் பல வண்ணங்கள் நனைந்தபின் அடர்ந்து ஒளிரும். இவ்வேறுபாட்டை அறியாமல் வரைந்தால், எண்ணியது ஒன்று, விளைவது வேறொன்றாகும்.

அடுத்து ஒரு மாம்பழத்தை வரையலாம். ஒளிபடும் இடத்தை வெறுமையாக விட்டு, எஞ்சிய பகுதிக்கு மஞ்சள் தீட்டுக. நிழற்பக்கத்தில் செம்மஞ்சளும் காம்பருகே பச்சையும் சேர்க்க. பின்னர், ஈரத் தூரிகையை வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறம் நோக்கி நகர்த்துக. மாறி நகர்த்தினால் அடர்நிறம் புகுந்து மஞ்சளை மாசுபடுத்தும். நீர் மிகுந்தால் வண்ணம் வழிந்தோடும். குறைந்தால் கோடுகள் கரையாமல் நிற்கும். தாள் நன்கு உலர்ந்த பின்னரே, கூர்மையான பென்சிலால் புள்ளிகளையும் காம்பையும் வரைதல் வேண்டும்.

நீர்வண்ண ஓவியத்தில் தாளின் வெண்மையே ஒளி. அதன்மேல் வண்ணம் படிந்துவிட்டால் அவ்வெண்மையை முழுமையாக மீட்க இயலாது. எனவே, எங்கே தீட்டுவது என்பதற்கு முன், எங்கே தீட்டாமல் விடுவது என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

பிழைத்த பக்கத்தைக் கிழித்தெறிதல் கூடாது. ‘நீர் மிகுதி’, ‘உலருமுன் தீட்டியது’ எனக் காரணத்தை அதன் ஓரத்தில் எழுதிவைத்தால், அடுத்த ஓவியத்திற்கு அப்பக்கமே வழிகாட்டும்.

சொற்பொருள்
நிறமி – வண்ணம் தரும் பொருள்
தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்
மாசு – அழுக்கு

வினாக்கள்
1. நீர்வண்ணப் பென்சிலின் கோடுகள் நீரில் கரைவது ஏன்?
2. வண்ண அட்டவணையின் பயன் யாது?
3. ‘தாளின் வெண்மையே ஒளி’ – விளக்குக.