அம்மாவுக்கு இல்லம் பார்க்கும்போது

ஜொகூர் பாருவில் பல வீடுகளில் பிள்ளைகள் விடியுமுன்னே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் ஆதரவற்றவர்களுக்கானது. பிள்ளைகள் உள்ளவர்கள் பெரும்பாலும் தனியார் இல்லத்தைத்தான் தேட வேண்டும்.

1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி அது சமூகநல இலாகாவில் பதிவு பெற்றதா? சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

காலையில் எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். கை நடுங்கும் பாட்டிக்கு யாராவது உட்கார்ந்து ஊட்டுகிறார்களா, இரவில் எத்தனை பணியாளர்கள் என்று கவனியுங்கள். டயப்பர், மருத்துவமனைப் போக்குவரத்து எல்லாம் மாதக் கட்டணத்தில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பலரும் கேட்க மறப்பது, அங்கே தமிழ் பேச ஒருவராவது இருக்கிறாரா என்பதை. மறதி நோய் முற்றினால் மலாய் மறந்துபோகலாம்; வலியைத் தமிழில்தான் சொல்வார்.

முன்பணம் கட்டுமுன் அம்மாவையும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.