புளியரை வளைவில் பெட்ரோல் எங்கே போகும்?

உட்காருங்க தம்பி, சாரல் விடுகிற வரைக்கும் நேரம் இருக்கு. டீயைக் குடிச்சுக்கிட்டே பேசுவோம். பழைய மாருதி 800 எஞ்சினை எடுத்து, குழாயில் சட்டம் அடித்து, ஃபைபர் பாடி போட்டு, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கட்டப் போறீங்க. அதற்குக் கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்பதுதான் உங்கள் கேள்வி.

இந்த ஆசை நம்ம மண்ணுக்குப் புதுசில்லை. கோயம்புத்தூர் கரிவர்தன் 1980-களின் கடைசியில் இதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்கிற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அதில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் கரிவர்தன் பெயரில்தான் இருக்கிறது. அன்று 800-க்குக் கார்புரேட்டர் மட்டும்தான். 2000-ஆம் ஆண்டையொட்டி எம்.பி.எஃப்.ஐ. என்கிற இன்ஜெக்‌ஷன் வந்தது. அதனால் உங்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கு.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேணும். பெட்ரோல் கூடினால் கரும்புகை வரும், ப்ளக் கரி பிடிக்கும். குறைந்தால் மிஸ்ஸிங், சூடு. இரண்டு கருவிக்கும் வேலை இந்த அளவைக் காப்பாற்றுவதுதான்.

கார்புரேட்டர் அதைக் காற்றை வைத்தே செய்கிறது. பழைய ஃப்ளிட் பம்பில் காற்றைத் தள்ளினால் மருந்து தானாக மேலேறித் தெறிக்குமே, அதே தத்துவம். இடுங்கிய கழுத்தில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் வழியே உறிஞ்சப்படும். ஐட்லிங்குக்குப் பைலட் ஜெட், ஓட்டத்துக்கு மெயின் ஜெட், குளிரில் கிளப்ப சோக். மின்சாரம் அநேகமாக வேண்டாம். கண்ணால் பார்த்து, கையால் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

இன்ஜெக்‌ஷனில் பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைக் குழாயில் நிறுத்தி வைக்கிறது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கு, எஞ்சின் எவ்வளவு சூடு, எத்தனை சுற்று என்று சென்சார்கள் சொல்ல, ஈசியூ என்கிற சின்னக் கணினி கணக்குப் போட்டு இன்ஜெக்டரைச் சில மில்லி செகண்டுகள் திறந்து மூடுகிறது. சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால், எரிந்த புகையை வைத்து அளவைத் தானே திருத்திக்கொள்ளும்.

இன்ஜெக்‌ஷன் வைத்தால் வேகம் எகிறும் என்று யாராவது சொன்னால் நம்பிடாதீங்க. கார்புரேட்டர் 800-க்கு 37 குதிரைத் திறன். முதலில் வந்த எம்.பி.எஃப்.ஐ.க்கு 45. ஆனால் அதில் வால்வும் 6-லிருந்து 12 ஆகியிருந்தது. பிறகு அதே 6 வால்வோடு வந்த எம்.பி.எஃப்.ஐ. மறுபடி 37-க்கே திரும்பியது. இன்ஜெக்‌ஷன் தருவது அளவில் துல்லியம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் வேகமாகத் திரும்பும்போது கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். ஜெட்டுக்கு எட்டாமல் எஞ்சின் தடுமாறும், அல்லது மிதவை தாழ்ந்து பெட்ரோல் வழியும். 800-ல் எஞ்சின் குறுக்கே இருக்கும். நீங்கள் அதை நெடுக்காக வைத்தால் கிண்ணத்தின் திசையும் மாறும். இன்ஜெக்‌ஷனில் இந்தச் சிக்கல் டேங்குக்கு இடம் மாறுகிறது. அரை டேங்கில் பெட்ரோல் ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், எஞ்சின் வெட்டும். அதனால் டேங்குக்குள் தடுப்புத் தகடும், பம்புக்கு முன் எப்போதும் நிறைந்திருக்கும் ஒரு சின்ன சேமிப்புக் கிண்ணமும் வேணும்.

அடுத்தது பெட்ரோல். இப்போ பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். அதனால் பழைய அளவு ஜெட்டில் கலவை மெலிந்துவிடும், ஜெட் பெரிசாக்கணும். ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் அதைத் தானே சரிக்கட்டும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். குற்றாலச் சாரல் மாசங்களில் வண்டியை ஓட்டாமல் நிறுத்திப் போட்டால் முதலில் அடைப்பது பைலட் ஜெட்தான். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நிற்கும் தொல்லையும் கார்புரேட்டருக்கே அதிகம். 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் அவ்வளவு சுலபமாகக் கொதிக்காது.

இவ்வளவும் கேட்டால் இன்ஜெக்‌ஷன் பக்கம் மனசு சாயும். ஆனால் உங்கள் பாடி ஃபைபர். 800-ல் இரும்பு பாடியே எர்த். ஃபைபரில் அது கிடையாது. குழாய்ச் சட்டத்தை மட்டும் நம்பாமல், ஈசியூவுக்கும் பம்புக்கும் எர்த் ஒயரைத் தனியாக இழுத்து எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் கொண்டுவரணும். ஒரு கனெக்டரில் ஈரம் ஏறினால்கூட ஈசியூ தப்பான செய்தியை நம்பித் தப்பாகவே பெட்ரோல் விடும். வீட்டில் கட்டும் கார்களைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் ஒயரிங்தான்.

ஆக, என் முடிவு இது. எஞ்சின் எதோடு பிறந்ததோ, அதோடேயே ஓட விடுங்க. கார்புரேட்டர் எஞ்சினில் அங்கங்கே வாங்கிய இன்ஜெக்டர், வேறொரு வண்டியின் ஈசியூ என்று ஒட்டுப்போட வேண்டாம். எம்.பி.எஃப்.ஐ. வேணும் என்றால் ஓடும் நிலையில் உள்ள முழு வண்டியை வாங்குங்க. அது ஓடும்போதே ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டி, ஈசியூ, பம்ப், சென்சார், ஒயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து அப்படியே மாற்றுங்க. அந்தப் பொறுமையும், ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கும் இருந்தால் இன்ஜெக்‌ஷன்தான் சரி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கார்புரேட்டர். முதல் காரை ஓட விடுவதுதான் முக்கியம். ஓடாத கார் எதையும் கற்றுத் தராது.

இரண்டு விஷயத்தில் மட்டும் அலட்சியமாக இருக்காதீங்க. கார்புரேட்டருக்குப் போட்ட சாதாரண ரப்பர் ஹோஸ் 3 பார் தாங்காது. சூடான எஞ்சின் மேல் அது பிய்ந்தால் தீதான். அழுத்தம் தாங்கும் ஹோஸும், மோதினால் பம்பை நிறுத்தும் கட்டாஃப் சுவிட்சும் கட்டாயம். இன்னொன்று பதிவு. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றி ரோட்டில் ஓட்ட 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விடாது. காரின் குழாய்ச் சட்டத்தில் ஒரு வெல்டு வைப்பதற்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்க. அனுமதி கிடையாது என்றால் பந்தயத் தடத்துக்கான காராகவே கட்டுங்க. கரிவர்தன் காரும் தடத்தில்தான் ஓடியது.