ஆசிரியருக்கு ஓர் அன்பளிப்பு

மார்ச்சுத் திங்களில் கல்வியாண்டு நிறைவுறும்போது ஆசிரியருக்கு நன்றி கூற விரும்புவோம். டாக்குரியாவில் வாழும் நமக்குத் தட்சிணாபண் அங்காடி அருகிலேயே உள்ளது. பல மாநிலக் கைவினைப் பொருள்களும் அங்குக் கிடைக்கும். ஆயினும், விலைமிக்க பொருளை வாங்கும்முன் ஒன்றை எண்ணுதல் வேண்டும். கேந்திரிய வித்யாலயா ஆசிரியர்கள் 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். அவ்விதிகள் அன்பளிப்புப் பெறுவதைக் கட்டுப்படுத்துகின்றன. ஏற்கவும் இயலாமல், மாணவரிடம் மறுக்கவும் மனமின்றி ஆசிரியர் தயங்க நேரிடும்.

வங்கப் பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிறுசிறு தையல்களால் இணைத்துக் காந்தா என்னும் விரிப்பினைச் செய்வர். அதற்குரிய வண்ண நூலையும் முற்காலத்தில் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்தனர். அம்முறையில், அன்னையின் நைந்த சுங்குடிச் சேலையிலிருந்து இரு விரல் அகலத் துண்டுகளை வெட்டி அடுக்கி, புத்தகத்தில் பக்கம் குறிக்கும் பட்டை ஒன்று தைக்கலாம். ஊசியும் நூலுமே செலவு. (நூல் இருமுறையேனும் சிக்கும், பொறுமை வேண்டும்!)

அதனுடன் ஒரு கடிதம் இணைக்க. ‘நன்றி’ என்று மட்டும் எழுதுதல் போதாது. பின்னக் கணக்கு விளங்கும்வரை அவர் மீண்டும் மீண்டும் கற்பித்த நாளைக் குறிப்பிடுக. தமிழில் எழுதி, கீழே அவர் அறிந்த வங்காளத்திலோ இந்தியிலோ பொருள் தருக.