கைகூப்பிய சிலை சொல்லாமல் விட்டது

திருவையாறு தியாகராஜ ஆராதனைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: காவிரிக்கரையில், சுவாமிகளின் சமாதியை நோக்கிக் கைகூப்பியபடி ஒரு பெண்ணின் சிலை. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). சமாதிக்குக் கோயில் கட்டிய பக்தை என்பதோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

கட்டினார், உண்மைதான். சமாதி பாழடைந்து கிடப்பதாகக் குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதியதும், கச்சேரி பாடிச் சேர்த்த பணத்தையும் நகைகளையும் அதற்கே கொடுத்தார். கோயிலுக்குக் குடமுழுக்கும் நடந்தது. ஆனால் ஆராதனை நடத்திய பெரிய கட்சி, சின்ன கட்சி என்ற இரண்டு குழுக்களுமே பெண்களைப் பாட விடவில்லை. தேவதாசி குலத்துப் பெண்ணின் காசு ஆயிற்று, குரல் ஆகவில்லை! அவர் ஒதுங்கிப் போகவில்லை. 1927-ல் 'பெண்கள் கட்சி' தொடங்கி, சமாதியின் பின்புறம் பெண்களை உட்காரவைத்துப் பாடவைத்தார். மூன்று கட்சிகளும் சேர்ந்து ஆராதனை நடத்தியது 1941-ல்தான்.

இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை மராட்டிய அரசவையில் முத்துப்பழனி என்ற கணிகை 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தைப் பாடினார். பின்னாளில் அச்சான பதிப்பில் பாடல்கள் சில விடுபட்டிருந்தன. முத்துப்பழனி தன் பாட்டி முதலிய முன்னோரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முகவுரையும் இல்லை. நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப்பிடித்து, வெட்டியதையெல்லாம் சேர்த்து 1910-ல் முழு நூலாகக் கொண்டுவந்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்கியது 1947-ல், பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது.

மறக்கப்பட்ட பெண் கலைஞர்களுக்குச் சிலையும் சுவரோவியமும் வைக்க வேண்டும் என்ற குரல் இப்போது எங்கும் கேட்கிறது. வைக்கட்டும். ஆனால் எந்தக் கோலத்தில் வைக்கிறோம், பக்கத்தில் என்ன எழுதுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். கைகூப்பிய கோலத்தில் பக்தி தெரிகிறது. கச்சேரி மேடையும் பதிப்பாசிரியரின் உழைப்பும் பெண்கள் கட்சியும் தெரிவதில்லை. பாடகி, பதிப்பாசிரியர், போராளி என்று சிலையருகே தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் விரிவாகப் பொறித்துவைக்க வேண்டும். அதில் முத்துப்பழனியின் பெயரும் இருக்க வேண்டும்.